முத்திரைக் குரல்

பச்சை விளக்கு எரிய வேண்டுமானால் சுகந்தி சாந்தமாக இருக்க வேண்டும். சாந்தமாக இருப்பதற்கு அவளிடம் காரணம் எதுவும் இல்லை. இடது மார்பில் புற்றுக்கட்டி. அதற்குப் பின்னால் இதயம். மூச்சை நிறைய இழுத்துப் பிடித்தால் இதயம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும், அந்த நேரத்தில் கதிர் பாயும். அதுவரைக்கும் பழைய வைத்தியம்தான். இப்போது வந்திருந்த சாந்திமானி என்ற கருவி அதற்கும் ஒரு படி மேலே. இழுத்த மூச்சில் பதற்றம் தெரிந்தால் கதிர்வாயைத் திறக்கவே திறக்காது. பதறிய உடம்பு எந்த நொடியில் அசையும் என்று சொல்ல முடியாதாம்.

நோயாளிகளுக்குச் சாந்தம் வழங்கும் பொறுப்பு மூச்சியல் துறைத் தலைவர் டாக்டர் விஸ்வாம்பரனுடையது. அவருடைய பட்டங்களை வாசித்து முடிக்கவே ஒருவர் இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டும். அவர் குரல் கதிரறையின் ஒலிபெருக்கியில் தேனாக வழிந்தது.

"நீ ஒரு தாமரை. உன் இதழ்கள் மெல்ல விரிகின்றன..."

"தாமரைக்கு இந்த வியாதி வருமா டாக்டர்?" என்று படுத்தபடியே கேட்டாள் சுகந்தி.

சிவப்பு.

வெளியே, திரையில் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் கணவன் இளவழகனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் கடைசித் தலைமுறைக் கண்டக்டர். பேருந்துகள் தானே ஓடி, தானே சீட்டுக் கிழிக்கத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். கதிர்க் கருவியை இயக்கும் நஸ்ரின் தடுப்பதற்குள் மைக்கைப் பிடுங்கினான்.

"ஏய், எதுல வேணாலும் விளையாடுவியா நீ?"

அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. முப்பது வருஷம் வாயில் ஊறியது தானாக வந்தது.

"தஞ்சாவூர், தஞ்சாவூர்... தாராசுரம், பாபநாசம், ராஜகிரி, பண்டாரவாடை... உள்ள தள்ளி நில்லும்மா."

திரையில் சுகந்தியின் முகம் மாறியது. கும்பகோணம் கல்லூரியிலிருந்து தினமும் அவன் வண்டியில் ஊர் திரும்பியவள் அவள்.

"எங்க தள்ளுறது? உங்க தோள்பைதான் இடிக்குது," என்றாள்.

"அப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. அய்யம்பேட்டை வருது."

"நிறுத்துங்க. இறங்கணும்."

"இறங்கினதும் சொல்லு, விசில் குடுக்கறேன்."

சுகந்தி மூச்சை இழுத்துப் பிடித்தாள். பச்சை. கதிர் பாய்ந்தது. நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் விஸ்வாம்பரன் துடைத்துக்கொள்ளவில்லை, கண்டுபிடித்தார். அடுத்த மாதமே அது 'பயணப் பிராண முறை' என்ற பெயரில் ஆய்வுக் கட்டுரையானது. இளவழகனின் குரலை ஒலிக்கூடத்தில் பதிவு செய்து, இருமலையும் கரகரப்பையும் வழித்தெடுத்து, எல்லாக் கதிரறைகளுக்கும் அனுப்பினார்கள். ஊர்ப் பெயர்கள் ஆற்றோட்டமாக வந்தன. சுகந்தியின் பதில்கள் அதில் இல்லை. பொறியாளர்கள் அவற்றை இரைச்சல் என்று வகைப்படுத்தியிருந்தார்கள்.

அய்யம்பேட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்களுக்கெல்லாம் அந்தக் குரலைக் கேட்டுப் பச்சை எரிந்தது. இளவழகனுக்குச் 'சுவாசச் செம்மல்' பட்டம் கொடுத்தார்கள். அவன் கழுத்தில் மப்ளர் ஏறியது. தண்ணீரை வெந்நீராகவே குடித்தான். வீட்டில் சாம்பாருக்கு உப்புக் கேட்கும்போதுகூட வயிற்றிலிருந்து குரலெடுத்தான்.

"என்னங்க, மேடையிலயா இருக்கோம்?" என்பாள் சுகந்தி.

புகழ் வந்தால் போட்டியும் வரும். சேலத்திலும் கரூரிலும் பழைய கண்டக்டர்கள் தங்கள் தடங்களைப் பாடிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இளவழகன் கொதித்துப் போனான். கதிரறைகளில் எந்தக் குரல் ஒலிக்கலாம் என்று முடிவு செய்யும் குரல் நெறிக்குழுவில் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து அவன் ஒரே ஒரு விதியைக் கேட்டு வாங்கினான்: முத்திரை பெற்ற பதிவைத் தவிர வேறு எந்தக் குரலும் கதிரறைக்குள் போகக் கூடாது. மைக்குகளைக் கழற்றிவிட்டார்கள்.

பட்டமளிப்புகள், திறப்பு விழாக்கள். திருநெல்வேலிக்குக் கிளம்பும்போது சுகந்தி சொன்னாள்:

"பதிவுல நீங்க பேசுறது யாரோ பேசுற மாதிரி இருக்குங்க. நான் பதில் சொல்லிக்கிட்டே இருக்கேன், வண்டி போய்க்கிட்டே இருக்கு."

"ஊரே கேக்குது, உனக்கு மட்டும் குறை," என்று மப்ளரைச் சுற்றிக்கொண்டான்.

அவன் திரும்பி வந்தபோது, சுகந்திக்கு வாரக் கணக்காகப் பச்சை எரியவில்லை என்றாள் நஸ்ரின். "இப்படி விட்டு விட்டுக் குடுத்தா கட்டிக்குத்தான் தெம்பு வரும், ஐயா. வந்துடுச்சு. நுரையீரல்லயும் நிழல் தெரியுது. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அக்கா என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க. விழா கெட்டுடுமாம்."

இளவழகன் மைக் இருந்த இடத்தைத் தடவினான். இரண்டு திருகுத் துளைகள்தான் இருந்தன.

டாக்டரிடம் ஓடினான். "என் பொண்டாட்டிகிட்ட நான் பேசணும் சார். ஒரே ஒரு தடவை."

"விதி உங்களுடையதுதானே, செம்மல் அவர்களே," என்றார் டாக்டர், உண்மையான வருத்தத்தோடு. "ஆளாளுக்குப் பேசினால் அறிவியல் என்னாவது? குழு அடுத்த மாதம் கூடுகிறது. எழுதிக் கொடுங்கள்."

திரும்பி வந்தபோது பதிவு ஓடத் தொடங்கியிருந்தது.

*தாராசுரம்... பாபநாசம்... ராஜகிரி...*

அப்பழுக்கில்லாத குரல். திரையில் சுகந்தி கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். ஒட்டிப்போன மார்பு மெதுவாக மேலெழுந்தது. இளவழகன் திரையின் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

*பண்டாரவாடை... அய்யம்பேட்டை...*

"நிறுத்துங்க," என்றாள் சுகந்தி. "இறங்கணும்."

"நில்லுடா!" என்று தன் குரலைப் பார்த்தே கத்தினான் இளவழகன். "ஆள் இறங்குது, நில்லு!"

*பசுபதிகோவில்...* என்றது குரல்.

அவள் மறுபடி இழுத்த மூச்சு பாதியில் உடைந்தது. சிவப்பு.

"முடியலைங்க," என்றாள் கூரையைப் பார்த்து, அவன் கேட்பான் என்ற நம்பிக்கை எதுவும் இல்லாமல். "எங்கயாச்சும் இறக்கி விட்டுருங்க."

பக்கத்துக் கதிரறையில் யாரோ ஒரு பெரியவர் படுத்திருந்தார். அங்கேயும் அதே பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. அய்யம்பேட்டை தாண்டியதும் கதவுக்கு மேல் பச்சை எரிந்தது. வெளியே காத்திருந்த அவர் மகள் ஓடிவந்து, இளவழகனின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.