ஜீரோ பொத்தான்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதிய ஷிப்டில் இருந்தவர்கள்: மேல்தளத்தில் ஷிப்டுக்குப் பொறுப்பான மேடம், ஆய்வகத்தில் லேப் அக்கா, கீழ்த்தளத்தில் ஃபிட்டர், அவனோடு கழிவுத் தொட்டியை ஓட்டுகிற ஆபரேட்டர். ஃபிட்டர், ஆபரேட்டருடைய மனைவியின் தம்பி. ஒரே வீட்டுச் சாப்பாடு, ஒரே பைக்கில் வேலைக்கு வருவது. வேலை வாங்கிக் கொடுத்ததே ஆபரேட்டர்தான். வேறு யாரும் அன்றைக்குக் கட்டடத்துக்குள் வரவில்லை.

தொட்டியின் எடைகாட்டியில் 2.5 கிலோ என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

தொட்டி காலி. காலையிலேயே வடித்து, மூன்று முறை அலசி, அடி வால்வைத் திறந்தே விட்டிருந்தார்கள். காலித் தொட்டி ஜீரோ காட்ட வேண்டும். ஆபரேட்டர் யோசிக்கவில்லை. கட்டைவிரல் தானாகப் போய் ஜீரோ பொத்தானை அழுத்தியது. 2.5 போய் 0.0 வந்தது.

ஆறு வாரமாக எல்லா ஷிப்டிலும் இதே கதைதான். எடைகாட்டியின் கணக்கு கொஞ்சம் நகர்ந்துவிட்டது என்று யாரோ ஒருவர் சொன்னார், மற்றவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். புகார் எழுதினால் தொட்டியை நிறுத்த வேண்டும். தொட்டி நின்றால் மேலே மருந்து நிற்கும். பொத்தானை அழுத்த அரை நொடி போதும்.

மேலே பெரிய கலன்களில் கிருமியை வளர்த்து அதிலிருந்து மருந்து எடுக்கிறார்கள். மிஞ்சுகிற கழிவு நீரில் கிருமி உயிரோடுதான் இருக்கும். சாக்கடைக்கு விடுவதற்கு முன்னால் இந்தத் தொட்டியில் நூற்றிருபத்தொரு டிகிரியில் அரை மணி நேரம் வேகவைத்து அதைக் கொல்ல வேண்டும். செத்துவிட்டதா என்று பார்க்க விரல் நீளத்தில் ஒரு குப்பி உண்டு. ஊதா நிறத் திரவம், அதற்குள் லேசில் சாகாத ஒரு கிருமி. கழிவோடு சேர்ந்து வெந்த குப்பியை இரண்டு நாள் கதகதப்பில் வைப்பார்கள். ஊதாவாகவே இருந்தால் எல்லாம் செத்தது. மஞ்சளானால் ஏதோ பிழைத்திருக்கிறது.

அந்த வாரம் வைத்த மூன்றும் மஞ்சள்.

"பதினோரு வருஷமா பாக்கறேன்," என்றாள் லேப் அக்கா. "ஒண்ணு மஞ்சளானா குப்பி மேல சந்தேகப்படலாம். மூணும் ஆனா எம்மேலயே எனக்குச் சந்தேகமா இருக்கு."

மேடம் ஒரு காரணம் கண்டுபிடித்தார். தொட்டியின் அடியில் வண்டல் கட்டியிருக்கும், சூடு அதற்குள் இறங்கியிருக்காது. ஆள் உள்ளே போய்ச் சுரண்டினால் தீர்ந்தது.

சுவரிலிருந்த இன்டர்காம் ஒலித்தது. "தொட்டி காலிதானே?"

"காலி மேடம்," என்றான் ஆபரேட்டர்.

"எடை?"

2.5 என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், நேற்று எவ்வளவு, முந்தாநாள் எவ்வளவு என்று கேள்வி வரும். பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் ஜீரோ, பக்கத்துக்குப் பக்கம் அவன் கையெழுத்து.

"ஜீரோ."

"அப்ப உள்ள எறங்க அனுமதி போட்டுடறேன். வாசல்ல நிக்கறது நீங்கதான். ஆள் வெளிய வர்ற வரைக்கும் நகரக் கூடாது."

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே உச்சி வெயில் காய்ந்துகொண்டிருந்தாலும் உள்ளே குழல்விளக்கின் வெளிறிய வெளிச்சம்தான், சுவரோடு போன நீராவிக் குழாய்கள் ஆறும்போது எழுப்புகிற முனகல்தான், எத்தனை முறை கழுவினாலும் தரையைவிட்டுப் போகாத, வெந்த மாவும் ஈரத்துணியும் கலந்த வாசனைதான். நடுவே நான்கு கால்களில் தொட்டி நின்றது. இடுப்பு உயரத்தில் ஆள் நுழையும் துளை. மூடியைக் கழற்றியதும் உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று வந்து ஆபரேட்டரின் கழுத்தில் பட்டது. பட்டு, திரும்பவும் உள்ளே போனது போலிருந்தது.

ஃபிட்டர் காற்றுமானியைக் குழாயோடு உள்ளே விட்டுப் பார்த்தான். மூச்சு விடலாம் என்று காட்டியது. முகமூடி மாட்டிய தலையை நுழைத்து, தோளைக் குறுக்கி, பூட்ஸோடு உள்ளே போனான். எண் ஏறியது.

"எவ்ளோ காட்டுது மாமா?"

"எழுபத்திரண்டு."

"பூட்ஸைக் கழிங்க. வீட்ல அக்கா கேட்டா அறுபத்தஞ்சுன்னு சொல்லுங்க, இல்லன்னா ராத்திரி சோத்துல கை வெச்சிடும்."

ஆபரேட்டர் சிரித்தான். சிரிப்பு தொட்டிக்குள் போய்ச் சுற்றிவிட்டுத் தாமதமாகத் திரும்பி வந்தது.

"வண்டல் எவ்ளோ இருக்கு மாப்ள?"

"ஒண்ணுமே இல்ல. பளபளன்னு இருக்கு. என் மூஞ்சியே தெரியுது."

அப்புறம் சுரண்டும் சத்தம். மெதுவாக, இழுத்து இழுத்து, இரும்பின் மேல் நகம் போவது போல.

"வண்டல் இல்லன்னா எதுக்குடா சுரண்டறே?"

சத்தம் நின்றது.

"நான் எங்க மாமா சுரண்டறேன்? சும்மா உக்காந்திருக்கேன். நீங்கதான் வெளியிலேர்ந்து ஏதோ பண்றீங்கன்னு நெனச்சேன்."

ஆபரேட்டரின் இரண்டு கையும் சட்டைப்பையில் இருந்தன.

எடைகாட்டியின் ஓரத்தில் இன்னொரு பொத்தான் உண்டு. யாரும் தொடுவதில்லை. அதை அழுத்திப் பிடித்தால், இதற்கு முன் ஜீரோவாக்கிய எடையெல்லாம் வரிசையாக வரும். அவன் அழுத்தினான். 0.5. 0.5. 1.0. பேனாவை எடுத்து உள்ளங்கையில் கூட்டினான். 1.0. 1.5. கணக்கு நகர்ந்துபோன எடைகாட்டி கூட்டியும் காட்டும், குறைத்தும் காட்டும். இது ஒருநாள்கூடக் குறையவில்லை. 2.0. 2.0. கடைசியாக, சற்று முன் அவன் அழுத்திய 2.5.

நாற்பத்தொன்று.

நாற்பத்தொரு கிலோ இந்தத் தொட்டிக்குள் இருக்கிறது. ஃபிட்டர் ஒன்றுமே இல்லை என்கிறான்.

"மாப்ள. வெளிய வா."

"அடி மூலையை மட்டும் ஒருவாட்டி..."

"வாடான்னா!"

தலை வந்தது. தோள் வந்தது. எண் இறங்கியது. ஐம்பது. முப்பது. பத்து. பூட்ஸ் இரண்டும் தரையைத் தொட்டன. ஜீரோ.

நிற்கவில்லை.

-12.

-29.

-41.

தொட்டி இப்போதுதான் காலியாகியிருந்தது.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" ஃபிட்டர் காலை உதறினான். "மரத்துப்போச்சு. கனக்குது."

அவன் நடந்தான். வலது காலை இழுத்து இழுத்து. வெள்ளைக் காற்சட்டை அந்த ஒரு காலில் மட்டும் முழங்காலுக்குக் கீழே சதையோடு ஒட்டியிருந்தது, சின்னப் பிள்ளை கட்டிக்கொண்டால் ஒட்டுவது போல. அங்கே யாரும் இல்லை.

"நில்லு மாப்ள. ஒரு நிமிஷம்."

"குளிச்சிட்டு வரேன், அப்புறம் சொல்லுங்க. இன்னிக்கு சீக்கிரம் போகணும். உங்க பாப்பாவுக்குக் கலர் பென்சில் வாங்கித் தரேன்னு சொல்லிட்டேன். வாசல்லயே நிப்பா."

வெளியேறுகிறவர்கள் குளித்துவிட்டுப் போக, கண்ணாடிக் கதவு இரண்டு போட்ட ஒரு கூண்டு. உள்கதவு இந்த அறைக்கு. வெளிக்கதவு படிக்கட்டுக்கு, தெருவுக்கு, வீட்டுக்கு. ஃபிட்டர் உள்ளே போனான். உள்கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

இன்டர்காம்.

"ஆள் வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"எடை?"

கட்டைவிரல் ஏற்கெனவே பொத்தானின் மேல் இருந்தது. எப்போது போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் அதை இழுத்து எடுத்தான்.

"மைனஸ் நாப்பத்தொண்ணு."

"அப்படி வரவே வராது. ஜீரோ போட்டுட்டு மேல வாங்க."

அவன் கண்ணாடியைப் பார்த்தான். ஃபிட்டர் முகமூடியைக் கழற்றிவிட்டு, நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து, இவனைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். அவன் மூச்சில் வாயருகே கண்ணாடியில் வெண்மையாக ஆவி படிந்தது. மறைந்தது. படிந்தது.

முழங்கால் உயரத்திலும் ஒன்று படிந்தது.

சின்னது. வட்டம். மேலே படிவது ஒரு கணக்கு. கீழே படிவது வேறு கணக்கு. வேகமாக. ஓடி வந்ததன் இளைப்பு போல.

ஃபிட்டர் முதுகைக் காட்டித் திரும்பினான். குழாயைத் திறக்கவில்லை. நேரே வெளிக்கதவுக்குப் போனான். மேல் வட்டம் மறைந்தது. கீழ் வட்டமும் மறைந்தது.

வெளிக்கதவின் கண்ணாடியில் இரண்டும் படிந்தன.

"மேடம், கூண்டைத் திறக்காதீங்க."

"என்ன?"

"யாரு சொன்னாலும் திறக்காதீங்க. என் வீட்டுக்காரி வந்து அழுதாலும்."

உள்கதவின் ஓரத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்று. கசிவு வந்தால் கூண்டை அப்படியே பூட்ட; பூட்டினால் மேல்தளத்திலிருந்துதான் திறக்க முடியும். ஃபிட்டரின் கை வெளிக்கதவின் பிடியில் இருந்தது. பிடி பாதி திரும்பியிருந்தது.

ஆபரேட்டர் அழுத்தினான்.

முதலில் வெளிக்கதவு. பிறகு, ஃபிட்டரின் முதுகுக்குப் பின்னால், உள்கதவு. தாழ் விழுந்தது.