சமையலறைப் பக்கம் திரும்பிய நாற்காலி

அந்த வீட்டை முதன்முதலாகப் பார்க்கப் போன அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாலாவது மாடி ஏறுவதற்குள் தரகருக்கு மூச்சு வாங்கிவிட்டது. கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைப்பதும் அதை மடிப்பதும் மறுபடி துடைப்பதுமாக இருந்தார். அந்த வட்டாரத்தில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது, கர்ச்சீப் என்றால்தான் தெரியும்.

வீட்டு விற்பனை படுத்துக் கிடந்த காலம் அது. பாதி கட்டிய அடுக்குமாடிகளின் முன்னால் விளம்பரப் பலகைகள் வெயிலில் வெளுத்துப் போயிருந்தன. தரகர்கள் டீக்கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவளுக்கும், பஸ் ஓட்டும் அவள் கணவனுக்கும் சொந்த வீடு என்ற பேச்சை எடுக்கவே துணிச்சல் வந்தது. கைக்கு எட்டுகிற விலையில் பார்த்த வீடுகளோ ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை. ஒரு வீட்டில் குளியலறைக் கதவைத் திறந்தால் படுக்கையறைக் கதவு மூடிக்கொள்ளும். இன்னொன்றில் நீச்சல் குளம் என்று காட்டிய பள்ளத்தில் செங்கல் அடுக்கியிருந்தார்கள்.

இந்த வீடு அப்படி இல்லை. பழசுதான், ஆனால் கூடத்தில் நல்ல வெளிச்சம். சமையலறை உள்ளடங்கி, ஆழமாக இருந்தது. அதன் ஒரே ஜன்னல் குழாய்கள் இறங்கும் சந்துப் பக்கம் திறந்ததால், மாலையானால் அங்கே மட்டும் இருட்டு சீக்கிரம் வந்துவிடும். அந்த இருட்டில் நின்றபோது அவளுக்கு அம்மா ஞாபகம் வந்தது.

"நீ ஒரு வீடு வாங்குடி. சமையல்கட்டுல ஒரு மூலை குடு போதும், நான் வந்துடறேன்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்போது மகளோடு இவர்கள் இருந்தது ஒற்றை அறை வாடகை வீடு. கூட ஓர் ஆளை வைத்துக்கொள்ள வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். உண்மையில் அவரிடம் அவள் கேட்டுப் பார்க்கவே இல்லை. அம்மா போன வருஷம் அக்கா வீட்டில் கண்ணை மூடினாள். கடைசி வரைக்கும் உன் வீட்டைப் பற்றியேதான் கேட்டாள் என்று அக்கா சொன்னபோது, அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

வீட்டை விற்பவர் வயதானவர், மனைவியை இழந்தவர். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எவ்வளவு துவைத்தாலும் போகாத கிரீஸ் வாசனை அவர் சட்டையிலிருந்து லேசாக வந்தது. மகன் வேறு ஊரிலிருந்து கூப்பிடுகிறான், போகத்தான் வேண்டும், ஆனால் விலையில் இறங்க மாட்டேன் என்றார். அந்த விலை அவர்களுக்கு எட்டாது. கொஞ்சம்தான் எட்டாது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அவர்கள் இறங்கும்போது, அதே வீட்டைப் பார்க்க இன்னொரு தம்பதி படியேறி வந்தார்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இவர்கள் வாங்கிவிடுவார்கள். வீடு கை நழுவப் போகிறது.

முன்கூட்டி யோசித்ததெல்லாம் இல்லை. வாய் தானாகத் திறந்தது. குரலைத் தாழ்த்தி, அக்கறையோடு சொன்னாள்.

"வீடு நல்ல வீடுதாங்க. ஆனா சாயங்காலம் ஆனா சமையல்கட்டுல சத்தம் கேக்குதாம். செத்துப்போன அந்தம்மா மோதிரத்தால டம்ளர ரெண்டு தட்டு தட்டி, புருஷன டீ குடிக்கக் கூப்பிடறாங்களாம்."

பொய்க்கு ஒரு சத்தம் தேவைப்பட்டது. பக்கத்தில் கிடந்ததை வாய் எடுத்துக்கொண்டது. டம்ளரைத் தட்டிக் கூப்பிட்டது அவளுடைய அம்மா. அப்பாவுக்கு டீ தயாரானால் டங், டங் என்று இரண்டு தட்டு, அவ்வளவுதான். செத்துப்போன அம்மாவின் பழக்கத்தை எடுத்து, முகம் பார்த்திராத ஒருத்தியின் பேய்க்குப் போட்டு அனுப்பிவிட்டாள்.

கணவன் தெருவுக்கு வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உன் வாய் இருக்கே" என்றான்.

படிக்கட்டில் சொன்னது டீக்கடைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? வேலையில்லாத தரகர்கள் அதற்குக் கண், காது, மூக்கு வைத்தார்கள். வெள்ளைச் சேலை வந்தது, கொலுசு வந்தது. டம்ளர் சத்தம் மட்டும் மாறவில்லை. அந்த வீட்டுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போவதையே தரகர்கள் நிறுத்தினார்கள். பெரியவர் இறங்கினார், மேலும் இறங்கினார். கடைசியில் அடிமாட்டு விலைக்கு வீடு அவர்களுக்கே வந்து சேர்ந்தது. பேய்க்குப் பயப்படாத குடும்பம் என்று கர்ச்சீப் ஊரெல்லாம் பாராட்டினார்.

சாவி வாங்கப் போன மாலையில் வீடு காலியாக இருந்தது. ஒரு மரநாற்காலி மட்டும் சமையலறை வாசலை ஒட்டி, பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. கணவன் கீழே கர்ச்சீப்போடு பேசிக்கொண்டிருந்தான். பெரியவர் சாவியைக் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்மா. என் சம்சாரம் இங்க டம்ளர் தட்டறான்னு சொல்றாங்களே. நீங்க கேட்டீங்களா?"

அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"எனக்கு இந்த இடது காது சுத்தமாப் போச்சு. வலது காது மட்டும் பாதி கேக்கும். அதான் அந்தக் காத சமையல்கட்டுப் பக்கம் வச்சு, தினம் சாயங்காலம் இதுல உக்காந்து பாத்தேன். ஒண்ணும் கேக்கல." அவர் நாற்காலியின் முதுகைத் தடவினார். "உயிரோட இருந்தப்ப அவ என்னத் தோளத் தொட்டுத்தான் கூப்பிடுவா. செவிடனத் தட்டிக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? செத்ததுக்கப்புறம் எனக்குக் காது கேக்காதுங்கறத மறந்துட்டா போல."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கையெழுத்தாகிவிட்டது, சாவி கையில் இருந்தது, வீடு எங்கும் ஓடிவிடப் போவதில்லை. வெட்கம்தான் தடுத்தது. சாவி உள்ளங்கையில் குத்தும் வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டேன் ஐயா" என்றாள்.

அவர் முகம் மலர்ந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. கோபமாகத் தட்டினாளா, சாதாரணமாகவா என்று கேட்டார். சாதாரணமாகத்தான் என்றாள். அது போதும் என்று தலையாட்டினார். நாற்காலி இங்கேயே இருக்கட்டும், வந்தாலும் வருவேன் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

அவர்கள் குடிவந்து பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் செய்தி வந்தது. வேறு எதற்கோ போன் செய்த கர்ச்சீப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பெரியவர் மகன் வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். வீட்டுக்குப் போகணும், அவள் கூப்பிடுகிறாள் என்று கடைசி நாட்களில் புலம்பினாராம்.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தவள் கூடத்தில் நின்றாள்.

குடிவந்ததும் பால்கனிக்கு மாற்றியிருந்த பெரியவரின் நாற்காலி சமையலறை வாசலில் இருந்தது. பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் இழுத்துப் போட்டிருப்பாள் என்று நினைத்து அதைத் திரும்பப் பால்கனியில் வைத்தாள். அடுத்த மாலையும் அது வாசலில் இருந்தது. மகளைக் கேட்டால் நான் தொடவே இல்லை என்று கண்ணைக் கசக்கினாள். கணவன் அதை ஸ்டோர் ரூமில் போட்டு வெளியே தாழ் போட்டான். பழைய கட்டடம், தரை சாய்வாக இருக்கும், நாற்காலி நகரத்தான் செய்யும் என்று பெரிய இன்ஜினியர் மாதிரி விளக்கமும் சொன்னான். மறுநாள் காலை அது மறுபடி சமையலறை வாசலில் கிடந்தது. தாழ் போட்ட கதவை நாற்காலி எப்படித் தாண்டும் என்று அவள் கேட்டதற்கு, பஸ் எடுக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டான்.

அன்று மாலை மின்சாரம் போனது. மகள் படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் சமையலறையில் பாலை அடுப்பில் வைத்தாள். சந்துக் குழாய்களில் எங்கோ தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. அது நின்றதும் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது.

பாலின் வாசனையோடு இன்னொரு வாசனை கலந்து வந்தது.

கிரீஸ்.

முதுகுக்குப் பின்னால் மரம் லேசாக முனகியது. ஆள் உட்காரும்போது முனகுமே, அப்படி.

அவள் திரும்பவில்லை. பயத்தை விட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. தாங்க முடியாமல், அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஐயா, நான் பொய் சொன்னேன். உங்க சம்சாரம் இங்க இல்ல."

நாற்காலி முனகியது. முன்னால் சாய்ந்தது போல. காது சரியாகக் கேட்காதவர் 'என்ன?' என்று கழுத்தை நீட்டுவது போல.

இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். நாற்காலி இன்னும் முன்னால் சாய்ந்தது. மகள் விழித்துக்கொள்ளும்படி, நாலு மாடிக்கும் கேட்கும்படி கத்தினால்தான் அவருக்கு எட்டும். அந்த உண்மையை அப்படிக் கத்த அவளுக்குத் துணிவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே டம்ளரை எடுத்து, விரலில் இருந்த மோதிரத்தால் ஓங்கித் தட்டினாள்.

டங். டங்.

நாற்காலி பின்னால் சாய்ந்து அடங்கியது. வெகுநாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டது போல ஒரு சத்தம் வந்தது. கிரீஸ் வாசனை மெல்லக் கரைந்தது.

அன்றிலிருந்து அது அவள் வேலையானது. தினமும் மாலையில் டம்ளரைத் தட்டுவாள், ஒரு டீயை நாற்காலிக்குப் பக்கத்தில் வைப்பாள், ஆறியதும் கொட்டுவாள். தட்டினால் வீடு அமைதியாக இருந்தது. ஒரு மனுஷனைச் செத்த பிறகும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று ஒவ்வொரு தட்டலுக்கும் நெஞ்சு குறுகுறுத்தது. கணவனிடம் சொன்னால், வாங்கியது வீடு, அதை விட்டுவிட்டு எங்கே போவது என்பான். அதனால் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. சாலையில் தண்ணீர் தேங்கி, அவள் வந்த பஸ் நகரவே இல்லை. தட்ட வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. இறங்கி நனைந்துகொண்டே ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறினாள். வாசலுக்கு வந்தபோது மூச்சு முட்டியது.

உள்ளே கணவனும் மகளும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவன் அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டான்.

"நீ இப்பத்தான் வர்றியா? உள்ள இருக்கேன்னுல்ல நெனச்சேன்."

"ஏன்?"

"டம்ளர் சத்தம் கேட்டுச்சே."

அவள் தன் கையைப் பார்த்தாள். மோதிரம் விரலில்தான் இருந்தது.

சமையலறை இருட்டாக இருந்தது. நாற்காலி வாசலை அடைத்தபடி, அமைதியாக, அடங்கிக் கிடந்தது. உள்ளேயிருந்து டீ கொதிக்கும் வாசனை வந்தது. அதில் இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அவள் டீக்கு இஞ்சி போடுவதில்லை.

டங். டங்.

கணவன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். மகள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்சம் இடைவெளி.

அதன்பின் சின்னதாக, நகத்தால் தட்டுவது போல ஒரே ஒரு தட்டல்.

அவள் கைப்பை கீழே விழுந்தது.

அந்த மூன்றாவது தட்டலைப் பற்றி அவள் படிக்கட்டில் சொல்லவில்லை. கணவனிடமும் சொன்னதில்லை. அப்பாவைக் கூப்பிட்ட பிறகு, அம்மா அவளுக்கென்று ஒரு சின்ன டம்ளரை எடுத்து, நகத்தால் ஒரே ஒரு தட்டு தட்டுவாள். அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சத்தம்.

சமையல்கட்டில் ஒரு மூலை போதும் என்றவள் வந்துவிட்டாள்.

"அம்மா" என்று கூப்பிடப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்காத அந்த வாடகை வீட்டு நாட்களும், விலை குறைக்க அம்மாவின் சத்தத்தை விற்ற அந்தப் படிக்கட்டும் அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்தன.

அப்போது நாற்காலி அசைந்தது. தரையில் உரசியபடி மெல்ல நகர்ந்து, ஓரமாகப் போய், அவள் உள்ளே வர வழி விட்டது.

இருட்டுக்குள் மறுபடி அந்தச் சின்னத் தட்டல் கேட்டது.