போட்டிக் கடையில் ஒரு கிண்ணம் ஃபோ

மழைக்கோட்டின் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் தியெப் அந்தக் கடைக்குள் நுழைந்தாள். ஹனோயில் தூறல் நசநசத்துக்கொண்டிருந்த காலை. தெருக்கோடியில் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் விற்கும் கடைக்காரரின் மகள் போட்டிக் கடையில் சாப்பிடுகிறாள் என்று யாருக்குத் தெரியப்போகிறது...

வேறு இடமில்லாமல் எதிர் முக்காலியில் ஒருவன் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தான். அவள் ஆவி பறக்கும் சூப்பை ஒரு கரண்டி குடித்தாள்.

"எலுமிச்சை பிழியல, மிளகாய் போடல... சாப்பிட வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்றான் அவன்.

"சூடு பார்த்தேன்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "பட்டை தூக்கலா இருக்கு. எங்கப்பா இவ்வளவு போட மாட்டார்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கண்கள் சிரித்தன. மழை கழுவிவிட்ட இலை மாதிரி பளபளத்த கண்கள்...

"ஓ... தெருக்கோடிக் கடையா? பயப்படாதீங்க, காட்டிக்கொடுக்க மாட்டேன். இது எங்கம்மா கடை. என் பேரு லுவான்."

இருவரின் அப்பாக்களும் ஒரு காலத்தில் ஒரே அடுப்பில் கூட்டாகச் சமைத்தவர்கள். சண்டையில் பிரிந்தார்கள். லுவானின் அப்பா இறந்தபோதுகூட இவள் அப்பா எட்டிப்பார்க்கவில்லை.

அப்படியும் தூறல் விழுந்த காலைகளிலெல்லாம் அவள் வந்தாள். தூறல் நின்ற பிறகும் வந்தாள். பொரித்த மாவுக்குச்சியைப் பிய்த்து அவள் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "இதுல குத்தம் கண்டுபிடிங்க பார்ப்போம்" என்பான். அவள் கண்டுபிடிப்பாள்.

கோடையில் லுவானின் அம்மா வெற்றிலை பாக்குத் தட்டோடு பெண் கேட்டு வந்தார். பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் லுவான். அப்பா தட்டைத் தொடவில்லை. மகளைத்தான் பார்த்தார்.

"நீ அந்தக் கடைக்குப் போயி சாப்பிட்டியா?"

அவர் குரலில் கோபமில்லை. கெஞ்சல்தான் இருந்தது. அதைக் கேட்டதும் தியெப்புக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

"இல்லப்பா. நான் அந்தப் பக்கமே போனதில்ல... இவரை எனக்குத் தெரியாது."

லுவான் அவளை ஒரு நொடி பார்த்தான். அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தான். அந்த வாரமே தா நாங் நகரத்துக்கு வேலை தேடிப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டாள்.

ஒரு வார்த்தை அனுப்பியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

புத்தாண்டு விடுமுறைக்கு அவன் வந்திருக்கிறான் என்று கேட்டதும் கிளம்பினாள். முகத்தை மறைக்கவில்லை. கடை நிறையத் தெருக்காரர்கள். அவளை அடையாளம் கண்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லுவானே கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தான்.

"எப்படி இருக்கீங்க?" என்றாள்.

"புத்தாண்டு முடிஞ்சதும் எனக்குக் கல்யாணம், நாள் குறிச்சாச்சு. தா நாங் பொண்ணு. நல்ல பொண்ணு."

கிண்ணத்தின் ஆவி அவள் கண்ணை மறைத்தது. ஆவிதானா...

"நல்லா இருங்க" என்றாள்.

"அன்னிக்கு நானாவது பேசியிருக்கணும்" என்றான் அவன், தாழ்ந்த குரலில். "ரோஷம்... நீங்களே கூப்பிடுவீங்கன்னு ரொம்ப நாள் ஃபோனையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவள் எழுந்து நின்றாள். பக்கத்து மேசைகள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. மாலைக்குள் அப்பாவுக்குச் செய்தி போய்விடும். போகட்டும்.

"இவரை எனக்குத் தெரியும்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "இங்க எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கேன். இவரைப் பார்க்கத்தான் வந்தேன்." பிறகு அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "எனக்கு உங்களைப் பிடிச்சிருந்துச்சு, லுவான்... இன்னும் பிடிச்சிருக்கு. பதில் சொல்லாதீங்க."

அவள் உட்கார்ந்து, ஆறிக்கொண்டிருந்த ஃபோவை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.