வெள்ளைச் சுவரில் நகர்ந்த சிவப்புப் புள்ளி

முட்டுக்காடு காயலை ஒட்டிய அந்தப் பழைய பங்களாவுக்கு நானும் அம்மாவும் பிற்பகல் மூன்று மணிக்குப் போனோம். உள்ளே உப்பும் பாசியும் கலந்த நாற்றம். இரைச்சல் இல்லாத இடம் வேண்டுமென்று நாவலூர் ஆராய்ச்சிக்காரர்கள் அதை வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

ஆறு மாதம் முன்பு என்னைப் பெற்ற அத்தா இறந்ததிலிருந்து அம்மாவுக்குக் கவனம் நிற்கவில்லை. அடுப்பை மறந்துவிடுவாள். ஒருநாள் முந்தானையில் தீப்பிடித்தது. பத்தாம் வகுப்பை விட்டுவிட்டு, அவளுக்குக் காவல் இருந்தேன்.

இவர்களிடம் ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. கவனம் சிதறினால் அதுவே தெரிந்துகொண்டு, "அம்மா, அடுப்பு" என்று, பதிந்துவைத்த என் குரலில் காதருகே சொல்லும். அம்மாவுக்கு அது ஒத்துவந்தால் வீட்டுக்குத் தருவார்கள். நான் பள்ளிக்குப் போகலாம்.

"இன்னா ஹனியா, இவ்ளோ சன்னமா பேசி வெச்சிகீற? அடுப்பு எரியற சத்தமே இத்த விட ஜாஸ்தி," என்று சிரித்தான் ஷ்ரவண், கணினியைப் பார்த்துக்கொள்பவன்.

"டேய், கம்முனு வேலையப் பாரு," என்றாள் கோதை அக்கா. ஆராய்ச்சி அவளுடையது.

அம்மாவுக்குக் கண்ணாடியை மாட்டி, வெள்ளைச் சுவருக்கு எதிரே உட்காரவைத்தாள். அம்மா பார்க்கும் இடம் கணினித் திரையில், சுவரின் படத்தின்மேல், சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது. அது சுவரெங்கும் தாவிக்கொண்டிருந்தது.

"வெறும் சுவத்துல யார் கண்ணும் இப்டித் தாவித் தாவித்தான் போவும், ஹனியா. எதுனா நகர்ந்தாத்தான் அது கூடவே வழுக்கிட்டுப் போவும்," என்றாள் கோதை அக்கா.

புள்ளி தாவுவதை நிறுத்தியது.

இடமிருந்து வலமாக, மெல்ல, வழுக்கிக்கொண்டு போனது. நின்றது. திரும்பி வந்தது.

"ஈ எதுனா பறக்குதா?" ஷ்ரவணின் குரல் இறங்கிவிட்டது.

சுவரில் ஒன்றுமே இல்லை.

அம்மா ஆறு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

"யாரைம்மா பாக்குற?" என்றேன்.

"கம்முனு இருடி. நடந்துகினு கீறாங்க."

"அத்தாவா?"

"இல்ல. உங்கத்தா இவ்ளோ ஒசரம் இல்ல."

திரையில் 'முழுக் கவனம்' என்று எழுத்து வந்தது. புள்ளி சுவரை விட்டு இறங்கி, என் பக்கம் வழுக்கியது.

பாசி நாற்றம் என் முதுகுக்குப் பின்னால் அடர்ந்தது.

நான் திரும்பவில்லை.

கோதை அக்கா சட்டென்று அம்மாவின் கண்ணாடியைக் கழற்றினாள். அதை வீட்டுக்குக் கொண்டுபோ என்று அவளும் சொல்லவில்லை, தா என்று நானும் கேட்கவில்லை.

தேவைப்படவும் இல்லை. மறுநாளிலிருந்து அம்மா பாலைப் பொங்கவிடவில்லை. அடுப்பை அவளே அணைத்தாள். ஒரு வாரம் பார்த்தேன், ஒரு பிசகும் இல்லை. திங்கட்கிழமை காலை என் பையில் டிபன் டப்பாவை வைத்தாள்.

"நீ இஸ்கூலுக்குப் போ. என்னிய நான் பாத்துக்கறேன்."

அழுகை வந்தது. பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

அம்மாவின் கண்கள் என்மேல் இல்லை. சமையலறைச் சுவரிலிருந்து மெல்ல வழுக்கிக்கொண்டு, கூடத்தைக் கடந்து வந்தன.

என் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றன.

"போய்ட்டு வா," என்றாள் அம்மா. "அவங்களும் கெளம்பிட்டாங்க."