அணைத்து வைத்த மைக்

பதிவில், பாட்டு தொடங்குவதற்கு முன்னால் யாரோ மூச்சு இழுத்தார்கள். பாடகி ஹெட்போனை அழுத்திப் பிடித்து மறுபடி கேட்டாள். அதே மூச்சு, நீளமாக, நிதானமாக.

"தம்பி, இது என் மூச்சு இல்லடா."

ஒலிக்கருவிகளின் முன்னால் உட்கார்ந்திருந்த தம்பி தலையைக்கூடத் தூக்கவில்லை. "மூச்சையெல்லாம் நான்தான் நறுக்கித் தூக்கிட்டேனேக்கா. பயத்துல அப்படிக் கேக்குது. போய் நில்லு. வாயை மட்டும் அசை, மைக்கை நான் திறக்கவே மாட்டேன்."

அவளுக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. தொண்டை கட்டி இரண்டு மாதம். கொஞ்சம் தெளிந்த ஒரு நாளில் தம்பியின் அறையில் துண்டு துண்டாகப் பாடி ஒட்டவைத்ததுதான் இன்று அரங்கம் முழுக்கக் கேட்கப்போகிறது. அதுவும் யாருக்கு அஞ்சலி? படப்பிடிப்பில் சொந்தக் குரலில் பாடியே நடித்து, வாயசைப்பது பொய்ச்சாட்சி சொல்வதற்குச் சமம் என்று சாகும்வரை பிடிவாதம் பிடித்த நடிகைக்கு!

அந்த நடிகையின் மகள் மேடைக்குப் பின்னாலேயே வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா போனப்புறம் நான் எந்தக் கச்சேரிக்கும் போனதில்லைங்க. நீங்க நேர்ல பாடறீங்கன்னாங்க, அதான் வந்தேன். நேர்லதானே?"

"ஆமாங்க" என்றாள் பாடகி. கூசாமல் சொல்லிவிட்டோமே என்று பிறகு உடம்பெல்லாம் கூசியது.

திரை விலகியது. முகப்பவுடர் வாசனையும் திரைச்சீலையின் பழந்தூசியும் மூக்கில் ஏற, விளக்குச் சூட்டில் கழுத்து வியர்க்க, முன்வரிசையில் மகளின் ஈரக் கண்களைப் பார்க்காமல் இருக்கக் கூரையையே பார்த்தபடி அவள் இரண்டு பாட்டுக்கு வாயசைத்து முடித்தாள். கைதட்டல் ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுந்தது. மூன்றாவது பாட்டில் குரல் ஒரு வளைவு வளைந்தது. அவள் பாடாத வளைவு. உதடுகள் தடுமாறின, குரலைத் துரத்தின. பிறகு துரத்த வேண்டியிருக்கவில்லை. அவள் நினைப்பதற்கு முன்பே உதடுகள் சரியாக அசைந்தன.

அவள் நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை.

பக்கவாட்டில் திரும்பினாள். தம்பி எழுந்து நின்றான். கருவிகளில் ஒரு விளக்குகூட எரியவில்லை. பிடுங்கிய வயர் அவன் கையில் தொங்கியது.

பாட்டு மட்டும் கேட்டது.

பல்லைக் கடித்து, உதடுகளைக் கையால் பொத்தினாள். பாட்டு நிற்கவில்லை; பொத்திய கைக்குக் கீழே தொண்டை ஏறி இறங்கியது. அரங்கமே எழுந்து நின்று கண்ணைத் துடைத்தது. மகள் மேடைப் படிகளில் ஏறி வந்துகொண்டிருந்தாள். சொல்லிவிட வேண்டும். நான் பாடலீங்க, ஏமாத்திட்டேங்க, மன்னிச்சிடுங்க. அதைச் சொல்ல அவளுக்குக் குரல் இல்லை.

மகள் குனிந்து பாடகியின் கழுத்தில் காதை வைத்தாள். வெகுநேரம் கேட்டாள்.

"அம்மா."

பாட்டு நின்றது.

"எத்தனை நேரம்மா உள்ளயே இருப்ப? வெளிய வாம்மா."

பாடகியின் கையை மெதுவாக விலக்கினாள். இரண்டு கட்டைவிரலையும் உதடுகளுக்கு நடுவில் நுழைத்தாள். தள்ளிவிடும் தகுதி பாடகிக்கு இல்லை. ஆமாங்க என்று சொன்னவள் அவள்தானே. தாடை பிளந்தது. உள்ளே, அடித்தொண்டையில், யாரோ நீளமாக, நிதானமாக மூச்சை இழுத்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினார்கள்.