அப்பாவின் உச்சந்தலையும் கண்மணியின் பேச்சும்

பஸ் கண்டக்டர் தங்கராஜுவுக்கு முடி கொட்டத் தொடங்கியதிலிருந்து வீட்டில் எண்ணெய் வாசனை போகவே இல்லை. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடைகளில் கிடைத்த எண்ணெயை எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டார். உச்சந்தலை பளபளத்ததுதான் மிச்சம்.

"தொப்பி போடுறதாலதான் கொட்டுது," என்றார் உடன் வேலை செய்யும் இராமசாமி.

"கவலைப்படுறதாலதான்," என்றாள் அம்மா பூவம்மா. அதைக் கேட்டு அப்பா இன்னும் கவலைப்பட்டார்.

அது 1967ஆம் ஆண்டு. ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவர்கள் மகள் கண்மணி பள்ளியின் அறிவியல் பேச்சுப் போட்டியில் கலந்துகொள்ளவிருந்தாள்.

"அம்மாவைக் கூட்டிட்டுப் போ. நான் வந்தா எல்லாரும் என் தலையைத்தான் பாப்பாங்க," என்றார் அப்பா.

கண்மணியின் முகம் வாடியது. ஆனால் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். அப்பா உச்சியில் மட்டும்தான் எண்ணெய் தேய்ப்பார். காதோரத்தில் ஒரு சொட்டும் படாது. அங்கேதான் முடி அடர்த்தியாக வளர்ந்திருந்தது!

சனிக்கிழமை ஸ்டாம்ஃபர்ட் சாலை நூலகத்தில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடியைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தாள். வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"அப்பா, தப்பு தொப்பி மேல இல்ல, உங்க மேலயும் இல்ல! ரத்தத்துல ஹார்மோன்னு ஒண்ணு ஓடுது. அது ஒரு சேதி மாதிரி. சில ஆம்பளைங்களுக்கு உச்சியில இருக்கிற முடிவேரு அந்தச் சேதியை வாங்கிக்கும். அதனால முடி மெலிஞ்சு மெலிஞ்சு கொட்டிடும். காதோர வேரு அதைக் காதுலயே வாங்காது!"

"ஏன் அப்படி?"

"பிறக்கும்போதே அப்படி அமைஞ்சிடுது. விஞ்ஞானிங்க இன்னும் ஆராய்ச்சி பண்றாங்கப்பா."

"அப்போ நான் தேய்ச்ச எண்ணெய்?"

"தலையணைக்குத்தான் போச்சுலா!"

வெகுநாளைக்குப் பிறகு அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

"இதையே போட்டியில பேசட்டுமா? உங்களைப் பத்தி மூச்சு விட மாட்டேன்."

அப்பா சரியென்று தலையசைத்தார்.

போட்டியன்று கண்மணி தடங்கலின்றிப் பேசி முடித்தாள். நடுவராக வந்திருந்த ஆசிரியை நூருன்னிசா கேட்டார்: "ரொம்ப நல்லாப் பேசினேம்மா! இந்த யோசனை உனக்கு எப்படி வந்தது?"

கண்மணி திகைத்தாள். வாக்குக் கொடுத்திருந்தாளே! உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பின்வரிசையில் காக்கிச் சட்டையோடு ஒருவர் எழுந்தார். அப்பா! வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். எல்லார் முன்னாலும் தொப்பியைக் கழற்றினார்.

"என் தலையைப் பாத்துத்தான், டீச்சர். அவ என் மக!"

மண்டபமே கைதட்டியது. கண்மணி மேடையிலேயே துள்ளிக் குதித்தாள்.

முதல் பரிசு வேறொரு மாணவிக்குப் போயிற்று. ஆனால் மறுநாள் பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், மகள் பேசியதை அப்பா ஒரு வரி விடாமல் சொல்லிக்கொண்டே டிக்கெட் கிழித்தார்.