ஐஸ் உருகுவதற்குள்...

“ஐயோ, அதைக் குடிக்காதீங்க!”

அவள் கத்தி முடிப்பதற்குள் ஒரு பெரிய மடக்கு உள்ளே போய்விட்டது. அடுத்த நொடி அந்த மனிதன் சமையலறைத் தொட்டியை நோக்கி ஓடினான். மூக்கு நுனியில் நுரை. மீசையில் நுரை. கண்களில் மட்டும் நெருப்பு...

“என்னங்க இது... சோப்பா?”

“பாத்திரம் தேய்க்கிற சோப்பு. அடியில கோந்துத் தண்ணி. ஐஸ் பிளாஸ்டிக்... முழுங்கிடலையே?”

“முழுங்கியிருந்தா?”

“வாடகைக்கு எடுத்ததுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் எனக்குத்தான் தலைவலி.”

பத்திரிகைகளுக்குச் சாப்பாட்டுப் படம் எடுப்பவள் அவள். இன்றைய வேலை, ‘வீட்டிலேயே செய்யலாம்’ பக்கத்துக்கு பீனா கொலாடா என்றொரு மதுக் கலவை. அன்னாசிச் சாறு, தேங்காய்ப்பால், வெள்ளை ரம். நிஜமாகச் செய்து விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே ஐஸ் உருகி, பால் திரிந்து, பார்க்கவே பரிதாபமாகிவிடும். அதனால் எல்லாம் போலி. கோப்பையின் மேல் முத்து முத்தாக நிற்கும் ஈரம்கூடக் கிளிசரின். பக்கத்தில் நிற்க வேண்டிய ரம் பாட்டில் ஒன்றுதான் அசல், அதையும் கொண்டுவந்தவன் வீடு மாறி மேல் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மேல் வீட்டுக்காரன் தெருமுனைக் கண்ணாடிக் கடைக்காரன். கண் சோதித்து மூக்குக் கண்ணாடி செய்து கொடுப்பவன். கொட்டும் மழையில் கடையிலிருந்து வந்து, லிஃப்ட் பழுதானதால் மூச்சு வாங்க மாடியேறி, பார்சலைப் பார்த்துவிட்டு, அதோடு மறுபடி இறங்கி வந்திருந்தான். நல்ல மனிதன்தான். அவளோ கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘உள்ளே வைங்க... தாகமா இருந்தா எடுத்துக் குடிங்க’ என்றிருந்தாள்.

“நீங்கதானே எடுத்துக்கச் சொன்னீங்க?”

“தண்ணியைச் சொன்னேன்! காலையிலேருந்து பண்ணினதுங்க அது. எல்லாம் போச்சு!”

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். மெழுகுப் பழங்கள், சாயம் பூசிய ரொட்டி, அட்டையில் செய்த கேக்...

“இந்த வீட்ல மனுஷன் வாயில வைக்கிற மாதிரி ஒண்ணாவது இருக்கா?”

சுருக்கென்று தைத்தது. அவளைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்த ஒருவன், விலகிப் போன அன்று, ‘உன்கிட்ட எல்லாமே பார்க்க மட்டும்தான் அழகு’ என்று சொல்லிவிட்டுத்தான் போனான். இனி யார் வாசலுக்கும் வலியப் போய் நிற்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள் அவள்.

“இருந்தாலும் உங்களுக்கு இல்லை. கதவு அந்தப் பக்கம்.”

அவன் கதவருகே ஒருமுறை திரும்பினான். இமைகளில் மழைத்துளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நாள் முழுக்கப் பொய்யான துளிகளையே தெளித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த நிஜத் துளிகளிலிருந்து பார்வையை மீட்க முடியவில்லை. அவன் படியேறிப் போய்விட்டான்.

பிடித்தது சனியன்!

அன்றிலிருந்து மாடிப்படியில் எந்தச் செருப்பு ஓசை கேட்டாலும் அவள் காது தானாக நீண்டது. அவன் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று இவள் காத்திருந்தாள். இவள் கேட்கட்டும் என்று அவனும் காத்திருந்திருப்பான். இரண்டு பேரும் வீம்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. ராத்திரி மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். இப்போது சாப்பிடுகிறான்... இப்போது விளக்கை அணைக்கிறான்... கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பாள். ஒரு தளம்தான் இடையில். அதைத் தாண்ட முடியாமல் நெஞ்சு வலித்தது.

கடைசியில் ஒரு சாக்கு கண்டுபிடித்தாள். தலைவலி! கண்ணைச் சோதிக்க வேண்டாமா?

கடையில் அவன் வாடிக்கையாளரிடம் பேசுவது போலவே பேசினான்.

“மேல் வரிசை படிங்க... அடுத்தது... இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?”

பிறகு ஒரு சின்ன அளவுகோலை அவள் மூக்கின் மேல் வைத்து, முகத்துக்கு நேராகக் குனிந்தான்.

“கருவிழிக்கு நடுவுல தூரம் அளக்கணும். நேரா என் கண்ணைப் பாருங்க.”

பார்த்தாள். தேன் நிறத்தில் சின்னக் கீற்றுகள்... அதற்குள்ளே இவளுடைய முகம், குட்டியாக. ‘ஏதாவது சொல்லேன்டா பாவி’ என்று மனசு கெஞ்சியது.

“அசையாதீங்க,” என்றான் அவன். அவ்வளவுதான்! ஆனால் அதே தூரத்தை மூன்று தடவை அளந்தான்.

கண்ணாடி தயார் என்று போன் வந்தபோது ஓடினாள். கடையில் இருந்தது அவனுடைய அக்கா.

“தம்பி இல்லைம்மா. சாமான் கட்டிட்டிருக்கான். வேற ஊர்ல, ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. இன்னிக்கு சாயங்காலம் கிளம்பறான்.”

கடை ஒரு சுற்றுச் சுற்றியது அவளுக்கு.

“இதைப் போட்டுப் பாரும்மா. இந்த ஒரு கண்ணாடியை மட்டும் என்னைத் தொடக்கூட விடலை. எத்தனை தடவைதான் தேய்ச்சானோ! யாருடா அதுன்னு கேட்டா, கஸ்டமருங்கறான். எனக்குக் கண்ணு தெரியாதா என்ன?” அக்கா குறும்பாகச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தவள் நேரே சமையலறைக்குப் போனாள். வெறுங்கையோடு போய் மன்னிப்புக் கேட்க அவளுக்கு வரவில்லை. ஒன்றாவது... ஒன்றே ஒன்றாவது நிஜமாகக் கொடுத்துவிட வேண்டும்.

தேங்காயைத் துருவிக் கெட்டியாகப் பால் பிழிந்தாள். அன்னாசியை அரைத்து வடிகட்டினாள். சர்க்கரை... ரம்... எவ்வளவு? நூறு பீனா கொலாடா படமெடுத்தவள் ஒன்றைக்கூட ருசி பார்த்ததில்லை! கை போன போக்கில் ஊற்றினாள். ஐஸைத் துண்டில் சுற்றிக் கட்டையால் அடித்து, எல்லாவற்றையும் மூடி போட்ட ஜாடியில் போட்டுத் தோள் வலிக்கக் குலுக்கினாள். கோப்பையில் ஊற்றியதும் வெள்ளையாக, சில்லென்று, அழகாகத்தான் இருந்தது.

போன் செய்து, ‘ஒரு நிமிஷம் கீழே வந்துட்டுப் போங்க’ என்று சொல்லிவிடலாமா? போனை எடுத்தாள்... வைத்தாள்... எடுத்தாள். அதற்குள் பால் ஓரத்தில் பிரிய ஆரம்பித்தது. பழக்க தோஷம், கை பிளாஸ்டிக் ஐஸ் டப்பாவை நோக்கிப் போனது.

தன்னையே பளாரென்று அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. போலியென்றால் மூன்று மணி நேரம் காத்திருக்கும். இது நிற்காது. கீழே தெருவில் வண்டி ஹாரன் அடித்தது... கோப்பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள்.

கதவைத் திறந்தவன் சிலையாக நின்றான். அவனுக்குப் பின்னால் கட்டி வைத்த பெட்டிகள். அவள் கையிலிருந்த கோப்பை பார்க்கச் சகிக்கவில்லை. ஐஸ் பாதி கரைந்து, நிறம் இரண்டாகப் பிரிந்து, விரல்களில் வழிந்துகொண்டிருந்தது.

“குடிக்கலாம்... நிஜமாவே குடிக்கலாம்,” என்றாள் மூச்சிரைக்க.

அவன் வாங்கினான். ஒரே மூச்சில், கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

“எப்படி இருக்கு?”

“ரம் ஜாஸ்தி. சர்க்கரை பத்தலை.”

“தெரியும்... அவசரத்துல...”

“மன்னிப்புக் கேட்க வந்தீங்களா?”

“ஆமா...” தலை குனிந்தாள். தலை குனிந்தபடியே போய்விடலாம். ஆனால் பெட்டிகள் கண்ணில் பட்டன. நிமிர்ந்தாள். “இல்லை! உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. போகாதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனா சொல்லாம விட்டா ஆயுசுக்கும் என்னால தாங்க முடியாது. போகாதீங்க...”

அவன் காலிக் கோப்பையை ஒரு பெட்டியின் மேல் வைத்தான்.

“அந்த வேலையை நான் ஏன் கேட்டு வாங்கினேன் தெரியுமா?” என்றான் மெதுவாக. “தினமும் உங்க கதவைத் தாண்டிப் போக முடியலைங்க. தூரமா போயிட்டா மறந்துடலாம்னு நினைச்சேன்.”

கீழே மறுபடி ஹாரன். அவன் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்து, கையை ஆட்டினான்.

“அண்ணே... வண்டி வேண்டாம், போயிடுங்க!”

“அப்போ... உங்க வேலை?”

“இந்த ஊர்லயும் ஜனங்களுக்குக் கண்ணு மங்கத்தானே செய்யுது? நாலு மாசமா ஒருத்தன் உருகிட்டிருக்கிறதே இங்க சிலருக்குத் தெரியலை...”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. புதுக் கண்ணாடி நனைந்து எல்லாம் மங்கலாகிவிட்டது. அவன் அருகில் வந்து அதை மெல்லக் கழற்றி, தன் சட்டை நுனியால் துடைத்து, திரும்ப அவளுக்கு மாட்டிவிட்டான். இந்தத் தடவை கையை உடனே எடுத்துக்கொள்ளவில்லை.

“எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு,” என்றான். “நேரா என்னைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னாள்.